வாசலில் எந்தச் செடி? ஆவாரையா... நித்தியகல்யாணியா?

பல்லடத்தில் குடியிருப்பவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று செடி கொடியை எல்லாம் ஆட்டிப் பார்த்துவிடும். மழையோ ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் பெய்தால் உண்டு. நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளில் குடத்தை நிரப்புவதே பெரிய வேலை. இதில் செடிக்கு எங்கே ஊற்றுவது?

அதனால்தான் என்னிடம் வருகிற தாய்மார்கள் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "ஏனுங்க டாக்டர், வெயிலைத் தாங்கோணும், தண்ணி அதிகம் கேக்கக் கூடாது. பூவும் பூக்கோணும், வைத்தியத்துக்கும் ஆகோணும். அப்படி ஒரு செடி சொல்லுங்க!"

இந்தக் கேள்விக்கு ஒன்றல்ல, இரண்டு செடிகள் பொருந்தும். ஒன்று, ஊருக்கு வெளியே சரளை மேட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை. மற்றொன்று, வருஷம் பூராவும் வெள்ளையும் ரோஸுமாகப் பூக்கும் நித்தியகல்யாணி. இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். இரண்டுமே வறட்சியைத் தாங்கும். ஆடு, மாடுகூட இரண்டிலும் பெரிதாக வாய் வைப்பதில்லை. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டையுமே 'சர்க்கரை வியாதிக்கு நல்லது' என்று ஊரில் சொல்கிறார்கள்.

வம்பு தொடங்குவது இந்தக் கடைசி ஒற்றுமையில்தான். தோட்டக்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரியான செடிகள். வைத்தியன் கண்ணுக்கு ஒன்று சமையலறை வரை வரலாம். மற்றொன்று வாசலோடு நிற்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

நித்தியகல்யாணி: அழகு உண்டு, அவசரம் கூடாது

சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்றும் இதைச் சொல்வார்கள். இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அழகுக்காக உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்ட செடி நம் ஊர் மண்ணிலும் வேரூன்றிக்கொண்டது. ஒன்று முதல் மூன்று அடி உயரம் வளரும். பளபளப்பான இலை, நடுவில் வெளிறிய நரம்பு, ஐந்து இதழ்ப் பூ. விதை தானே விழுந்து தானே முளைக்கும். சிமென்ட் வெடிப்பில்கூட முளைத்துப் பூப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இதைப் பணப் பயிராகவே போடுகிறார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு இதன் இலையும் வேரும் தேவைப்படுகின்றன.

எதற்காகத் தேவைப்படுகின்றன? அந்தக் கதையைச் சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனடாவில் கிளார்க் நோபிள் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1921-ல் இன்சுலின் ஆராய்ச்சி தொடங்கியபோது, பான்டிங்கிற்கு உதவியாளராக முதலில் போவது இவரா, சார்லஸ் பெஸ்டா என்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் ஜெயித்தார். அந்த வாய்ப்பை இழந்த கிளார்க் நோபிளுக்கு 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள்! அந்த ஊர் மக்கள் சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்களாம். அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பி, வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்.

எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாட்களில் எலிகள் கிருமித் தொற்று வந்து செத்தன. காரணம் தேடியபோதுதான் தெரிந்தது: ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்துபோயிருந்தன! எலும்பு மஜ்ஜையின் வேலையை அந்த இலையில் உள்ள ஏதோ ஒரு பொருள் முடக்கியிருந்தது.

வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் என்றால், அந்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று யோசித்தார்கள். ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த பொருள்தான் வின்பிளாஸ்டின். 1958-ல் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்கள். இதே செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் என்ற மருந்து, 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்த மருந்துகளில் அதுவும் ஒன்று.

செடியின் பெருமை இது. எச்சரிக்கையும் இதுவேதான். சர்க்கரைக்கு என்று தேடிப்போன இடத்தில் கிடைத்தது, செல்கள் பெருகாமல் தடுக்கும் கடுமையான மருந்து. அதை ஆஸ்பத்திரியில் எடை பார்த்து, அளவு பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். நாமோ "காலையில் வெறும் வயிற்றில் அஞ்சு பூ மென்னு தின்னுங்க" என்கிறோம்! ஓர் இலையில் இருப்பது மிக மிகச் சொற்பம்தான். ஆனால் ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும், ஓர் இலைக்கும் இன்னோர் இலைக்கும் அளவு மாறும். தவிர, இந்தச் செடியில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உண்டு. அத்தனையையும் சேர்த்துத்தான் விழுங்குகிறோம். தைவானில் இந்தச் செடியை மூலிகை என்று குடித்தவருக்கு எலும்பு மஜ்ஜை கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 2004-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

அஞ்சு பூ... அஞ்சு இலை

சில வருஷங்களுக்கு முன் விசைத்தறி ஓட்டும் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், மனைவியோடு வந்தார். வாயெல்லாம் புண். மலச்சிக்கல். விட்டு விட்டுக் காய்ச்சல். "உடம்புல தெம்பே இல்லீங்க. தறிக்கிட்ட நிக்க முடியலீங்க" என்றார்.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திப் போட்டனுங்க. பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாருன்னு நித்தியகல்யாணிப் பூவு அஞ்சு, இலை அஞ்சு, தெனமும் காலைல மென்னு திங்கறேன். மாசம் ஒண்ணாச்சுங்க."

அவர் மனைவி குறுக்கிட்டார். "மூலிகைதானுங்களே, என்ன பண்ணப் போகுதுன்னு உட்டுட்டோமுங்க."

உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சர்க்கரை 380. வெள்ளை அணுக்கள் 2,800. சாதாரணமாக அது 4,000-க்குக் குறையக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, தின்ற செடியின் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அங்கே சேர்த்துக்கொண்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். செடியை நிறுத்திய சில வாரங்களில் வெள்ளை அணுக்கள் பழையபடி ஏறிவிட்டன. இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் நித்தியகல்யாணிதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் 380-க்கு ஏறிய சர்க்கரைக்கு, மாத்திரையை நிறுத்தியது போதுமான காரணம். அந்தப் பூ அதைத் துளியும் குறைக்கவில்லை.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற இந்த வார்த்தையைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். எட்டியும் மூலிகைதான். சேராங்கொட்டையும் மூலிகைதான். சுத்தி செய்யாமல் அவற்றைத் தொடக் கூடாது என்றுதான் சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதல் பாடமே.

ஆவாரை: நம்ம ஊர்ச் சொத்து

இனி ஆவாரைக்கு வருவோம். கொங்குச் சீமையில் இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மார்கழிக் கடைசி நாளில் காப்புக் கட்டும்போது பூளைப்பூ, வேப்பிலையோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டு இறவாணத்திலும் தோட்டத்திலும் கட்டுவோமே, அதுதான். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு என்ன வேலை என்ற பொருளில் ஒரு பழமொழியே உண்டு.

ஆவாரையின் சுவை துவர்ப்பு. குணம் குளிர்ச்சி. அந்தத் துவர்ப்புக்குக் காரணம் அதன் பட்டையில் நிறைந்திருக்கும் டானின். ஒரு காலத்தில் தோல் பதனிட இந்தப் பட்டையைத்தான் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். பூ, இலை, காய், பட்டை, வேர் என்று ஐந்தும் மருந்தாகும். அதை 'ஆவாரைப் பஞ்சாங்கம்' என்போம்.

சித்த மருத்துவத்தில் நீரிழிவை இருபது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்கான மருந்துகளில் முக்கியமானது ஆவாரைக் குடிநீர். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை என ஏழு சரக்குகள் சேர்ந்தது. கவனியுங்கள், ஆவாரை தனியாக இல்லை. ஆறு துணையோடு இருக்கிறது. அளவு சொல்லி, நாள் சொல்லி வைத்தியர் கொடுப்பது அது.

நவீன ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஆவாரம்பூச் சாறு, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் எழுதினார்கள். நல்ல செய்திதான். ஆனால் எலி வேறு, நாம் வேறு. இதை வைத்து யாரும் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடக் கூடாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு.

வீட்டில் எப்படிப் பயன்படுத்தலாம்?

பூத் தேநீர்: நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ ஒரு தேக்கரண்டி. இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்ற வைத்து வடிகட்டுங்கள். வெயில் காலத்தில் வாரம் இரண்டு, மூன்று நாள் குடித்தால் போதும். உடல் சூடு, நாவறட்சி தணியும். இலங்கையில் இதை 'ரணவரா' என்ற பெயரில் தேநீராகக் குடிப்பது இன்றும் வழக்கம்.

கூட்டு: புதுப் பூவைக் காம்பு நீக்கி, பாசிப்பருப்போடு வேகவைத்துத் தாளித்தால் அருமையான கூட்டு. துவர்ப்பு பிடிக்காத குழந்தைகளுக்குக் கொஞ்சம் தேங்காய் கூடுதலாகப் போடுங்கள்.

குளியல் பொடி: உலர்ந்த பூவும் பாசிப்பயறும் சம அளவு அரைத்து வைத்துக்கொண்டால், வியர்வை நாற்றத்துக்கும் தோல் வறட்சிக்கும் நல்லது. பஞ்சுத் தூசியிலும் வியர்வையிலும் நாள் முழுக்க நிற்கிற பனியன் கம்பெனிப் பெண்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் யோசனை இது.

யாருக்கு ஆகாது?

ஆவாரைக்கும் எல்லை உண்டு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதையும் சேர்த்துக் குடித்தால் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல் வந்தால் தாமதிக்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடித்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வலிப்புக்குக் கார்பமசெபைன் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆவாரைத் தேநீரைத் தவிர்க்க வேண்டும். அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடுவதாக இலங்கையில் எலிகளில் செய்து 2004-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் உள் மருந்தாக வேண்டாம். ரத்த சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதை டானின் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பார்த்துப் பறியுங்கள்!

மஞ்சள் பூ பூத்ததெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. ரோட்டோரத்தில் அதே கூட்டத்தில் நிற்கும் பேயாவாரையைச் சிலர் ஆவாரை என்று நினைத்துப் பறித்துவிடுகிறார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷா வருஷம் சின்னக் குழந்தைகள் திடீரென நினைவு தவறி இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கடைசியில், விளையாட்டாகப் பறித்துத் தின்ற பேயாவாரை விதைதான் காரணம் என்று 2007-ல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

வித்தியாசம் சுலபம். ஆவாரையில் சின்னச் சின்ன இலைகள், எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி இருக்கும். நுனி மழுங்கலாக இருக்கும். இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல வட்டமாக ஒரு சிற்றிலை ஒட்டிக்கொண்டிருக்கும். இதுதான் முக்கிய அடையாளம். பேயாவாரையில் நாலைந்து ஜோடி பெரிய இலைகள்தான். நுனி கூராக இருக்கும். கசக்கினால் நாற்றம் வரும். காது மடல் கிடையாது. சந்தேகமாக இருந்தால் பறிக்காதீர்கள். புறவழிச் சாலை ஓரத்திலும் சாயக் கழிவு ஓடும் இடத்திலும் நிற்பது அசல் ஆவாரையாகவே இருந்தாலும் வேண்டாம். வீட்டிலேயே வளர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வளர்ப்பது எப்படி?

ஆவாரை விதையின் தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் தூங்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். உப்புத் தாளில் லேசாகத் தேய்த்தும் போடலாம். ஆடி அல்லது புரட்டாசியில் விதைத்தால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி. பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது. ஆகவே வைக்கும் இடத்திலேயே இரண்டு, மூன்று விதை போட்டு, நன்றாக வருவதை மட்டும் விட்டுவிடுங்கள். காம்பவுண்டு ஓரம் மூன்றடி இடம் போதும். தரை இல்லாதவர்கள் அடியில் ஓட்டை போட்ட பெரிய பெயின்ட் வாளியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போட்டு வளர்க்கலாம். முதல் வருஷம் வாரம் இரண்டு தரம் தண்ணீர். அப்புறம் தரையில் நிற்கும் செடி உங்களை எதிர்பார்க்காது. பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் அடர்ந்து வரும்.

நித்தியகல்யாணிக்கு ஒரு சின்னத் தொட்டியே அதிகம். குச்சியும் வரும், விதையும் வரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகும். இரண்டுமே கொஞ்சம் உப்புத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரையே தினம் ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்புப் பூத்துவிடும். மழைத் தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ அவ்வப்போது நிறைய ஊற்றி அந்த உப்பைக் கீழே வடிய விடுங்கள்.

ஆக, எதை வைப்பது?

வாசலிலோ பின்கட்டிலோ மூன்றடி மண் இருக்கிறதா? யோசிக்காமல் ஆவாரை வையுங்கள். பூவும் கிடைக்கும், சமையலுக்கும் ஆகும், காப்புக் கட்டுக்கு வெளியே தேடவும் வேண்டாம்.

லைன் வீடு, பால்கனி, ஒரே ஒரு சின்னத் தொட்டிதானா? கண்ணுக்கு அழகாக, சாமிக்குப் பூ என்ற அளவில் நித்தியகல்யாணி வைக்கலாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. தின்பதற்கு மட்டும் அல்ல.

வீட்டில் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருக்கிறதா? கர்ப்பிணி இருக்கிறாரா? 'யாராவது சொன்னால் உடனே செய்து பார்க்கும்' சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? அந்த வீட்டுக்கு நித்தியகல்யாணி வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். இது பார்ப்பதற்கான செடி என்று வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள்.

நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ இப்போதே காலையில் அந்தப் பூவை மென்றுகொண்டிருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கே ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது என்ன தின்றீர்கள், எத்தனை நாள் தின்றீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைக்க வேண்டாம். பெயர் தெரியாத செடியாக இருந்தால், ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்!